ஆடும் இணைப்பும் ஆப்பு வைக்கும் வழக்கமும்

ஏர்க்கால் ஆடினால் குடியானவர் ஆப்பு ஒன்று செதுக்கி அடித்து இறுக்கிவிடுவார். உழவும் தடையின்றி நடக்கும். மரக்கலப்பைக்குப் பொருந்திய இந்த யுக்தியை இரும்பு இயந்திரத்துக்கும் பிரயோகிப்பது இப்பொழுது வழக்கமாகி வருகிறது. அது தவறென்பதையும், அத்தவற்றைத் தடுக்கும் பொறுப்பு இயந்திரச் சொந்தக்காரரை மட்டும் சேர்ந்ததன்று என்பதையும் நிலமுடையோரும் கிராம உத்தியோகஸ்தர்களும் கவனித்தல் நலம்.

ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டைத் தாலுக்காக்களில் ரோஜாவும் தக்காளியும் முட்டைக்கோசும் பயிராகும் தோட்டங்களில் சொட்டுநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டவும் வடிகால் வெட்டவும் சிறிய மண்வெட்டும் இயந்திரங்கள் வாடகைக்கு வருகின்றன. எந்தக் கம்பெனியில் செய்ததாயினும் ஜனங்கள் இதனை ‘மினி ஹிட்டாச்சி’ என்றே வழங்குவர். குறுகிய பக்கெட்டைக் கழற்றி அகன்றதை விரைவில் மாட்டுவதற்காக, அதன் கையின் நுனியில் ‘குயிக் கப்ளர்’ என்னும் இணைப்பு வைக்கப்படுகிறது. அதன் கொக்கி பக்கெட்டின் ஒரு பின்னைக் கவ்விக்கொள்ளும். எதிர்ப்புறத்துத் தாழ் மற்றொரு பின்னைப் பூட்டிக்கொள்ளும். கிரீஸ் இடுவதில் அசட்டையாயிருந்தால், மணல் புகுந்து பின்னும் புஷ்ஷும் தேயும்; துளை முட்டை வடிவாகும்; பக்கெட் ஆடத் தொடங்கும்.

‘இரண்டு மில்லிமீட்டர் ஆட்டந்தானே’ என்று சிலர் சொல்வதுண்டு. பக்கெட்டின் இரு பின்களுக்கும் இடைத்தூரம் 20 சென்டிமீட்டர், பின்னிலிருந்து பல்லின் நுனி வரை 80 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த 2 மில்லிமீட்டர் பல்லின் நுனியில் 8 மில்லிமீட்டராகும். வாட்டம் பார்த்து வெட்டவேண்டிய வடிகாலின் அடிமட்டம் மேடும் பள்ளமுமாகி நீர் தேங்கும். அதனினும் பெரிய நஷ்டம் ஒன்றுண்டு. தேய்ந்த கொக்கியினின்றும் பக்கெட் நழுவினால், பள்ளத்தில் குழாய் பதிக்கும் கூலியாளின் உயிருக்கே ஹானி நேரும். இவ்விணைப்புகளின் பாதுகாப்புக்கென்றே ஐ.எஸ்.ஓ. 13031 என்னும் சர்வதேச விதி 2016ஆம் ஆண்டில் வெளியாயிற்று என்பதிலிருந்து இது அற்ப விஷயமன்று என்பது விளங்கும்.

ஆட்டம் எங்கேயிருக்கிறதென்று காண்பதே மராமத்தின் முதற்படி. பக்கெட்டைத் தரையில் வைத்து, இயந்திரத்தை நிறுத்தி, எண்ணெய் அழுத்தத்தை விடுவித்தபின், ஒவ்வொரு பின்னின் அருகிலும் கடப்பாரையால் நெம்பிப் பார்க்கவேண்டும். பிறகு வேறொரு பக்கெட்டை மாட்டிப் பார்க்கலாம். ஒரு பக்கெட் மட்டும் ஆடினால் அதன் பின்களிலே குற்றம்; எல்லாம் ஆடினால் கப்ளரிலாவது கையின் நுனியிலாவது குற்றம். வாஷர் இடுவது பக்கவாட்டு ஆட்டத்தை மட்டுமே குறைக்கும்; முட்டை வடிவான துளையை அது சீராக்காது. தகட்டுத் துண்டைச் சொருகுவதோ சில நாளில் நசுங்கிப்போகும். அதுவரையில் குற்றத்தை மறைத்து வைப்பதே அதனாலாகும் காரியம்.

தேய்ந்த பின்னையும் புஷ்ஷையும் சேர்த்தே மாற்றவேண்டும். துளை கெட்டிருந்தால் வெல்டிங் செய்து நிரப்பி, இரு பக்கத்துத் துளைகளும் ஒரே நேர்கோட்டில் அமையும்படி கடைந்தெடுக்கவேண்டும். கொக்கியும் தாழும் தயாரிப்பாளர் குறித்த அளவுக்குமேல் தேய்ந்திருந்தால் மாற்றுவதே முறை. பதமிட்ட இரும்பின்மேல் மனம்போல வெல்டிங் வைத்தால் அது வெடிக்கக்கூடும். வெல்டிங் செய்யுமுன் பாட்டரி இணைப்பைக் கழற்றுவதும், எர்த் கம்பியை வேலை நடக்கும் இடத்தை ஒட்டியே பிடிப்பிப்பதும் அவசியம். 1971இல் நிறுவப்பெற்ற சிப்காட்டின் தொழிற்பேட்டையுள்ள மூக்கண்டப்பள்ளிப் பக்கத்தில் கடைசல் வேலைக்குப் பஞ்சமில்லை. ஆகையால் இப்பகுதியில் ‘வசதியில்லை’ என்னும் சமாதானம் செல்லாது.

புதிய இயந்திரத்திலும் சிறிது ஆட்டம் உண்டே என்னும் ஆட்சேபம் நியாயமானதே. இடைவெளி சிறிதுமின்றிக் கிரீஸ் புகாது. பக்கெட்டை மாற்றவும் இயலாது. ஆனால் அதற்கு எல்லையுண்டு. அவ்வெல்லை இயந்திரத்தின் கைப்புத்தகத்தில் குறிக்கப்பட்டிருக்கும். ‘இயந்திரம் அவருடையது, நமக்கென்ன?’ என்பதோ நியாயமன்று. நிலமும் கூலியாளும் வாடகைக்குப் பிடித்தவரைச் சேர்ந்தவர்களல்லவா?

சொந்தக்காரரின் சங்கடத்தையும் மறத்தலாகாது. கடன் தவணை கட்டும் அவர், வேலை மிகுந்த காலத்தில் இயந்திரத்தைப் பட்டறையில் நிறுத்தினால் வருமானத்தை இழக்கிறார். மணிக்கு ஐம்பது ரூபாய் குறைவென்று ஆடும் இயந்திரத்தையே நிலக்காரர் அழைக்கும்வரை, ஒழுங்காக மராமத்து செய்பவரே நஷ்டமடைகிறார். ஆகவே, செப்பமான இயந்திரத்துக்குச் சற்று அதிக வாடகை கொடுப்பது தர்மமன்று, அது சிக்கனமேயாகும்.

வயலில் இறக்குமுன், பக்கெட்டை ஓரடி தூக்கிச் சுருட்டி விரித்து, தரையில் அழுத்திக் காட்டும்படி ஓட்டுநரைக் கேட்கவேண்டும். தாழ் முழுதும் பூட்டியிருப்பதையும், பாதுகாப்புப் பின் உள்ள கப்ளராயின் அது செருகப்பட்டிருப்பதையும் கண்ணாற் காணவேண்டும். தூக்கிய பக்கெட்டின்கீழ் ஒருவரையும் நிற்கவிடலாகாது. ஏரி, வாய்க்கால் வேலைகளை மேற்பார்க்கும் கிராம உத்தியோகஸ்தர்களும் இச்சோதனை முடிந்தபிறகே வேலையைத் தொடங்கச் செய்தல் தகும். ஏர் பூட்டுமுன் நுகத்தடியையும் பூட்டாங்கயிற்றையும் பார்ப்பது நம் முன்னோர் வழக்கம். அந்தக் கண்ணைக் கொண்டே இந்த இரும்பு ஏரையும் பார்த்தல் போதுமானது.