மரப்பலகையின் அளவும் மரம் வளர்ப்பவரின் உரிமையும்

அரசுக் கட்டடங்களில் மரத்தைப் பயன்படுத்த 1993-இல் மத்தியப் பொதுப்பணித் துறை விதித்த தடை, 2020 ஜூலையில் விலக்கிக் கொள்ளப்பட்டது. சிமெண்டையும் எஃகையும் விட மரமே சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்ற வாதம் வென்றது. முடிவு வரவேற்கத்தக்கதே. ஆனால், அதன் பலன் யாரைச் சென்றடையும்?

உலகெங்கும் இன்று பேசப்படுவது குறுக்கடுக்கு மரப்பலகை. 1990-களில் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் வளர்ந்த தொழில்நுட்பம் இது. உலர்த்திய பலகைகளை மூன்று, ஐந்து அல்லது ஏழு அடுக்குகளாக, ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்துப் பசையிட்டு அழுத்துவார்கள். சுவராகவும் தளமாகவும் பயன்படும் இப்பலகைகள் பொதுவாக 60 முதல் 300 மில்லிமீட்டர் வரை கனமும், ஏறத்தாழ 3 மீட்டர் அகலமும், 16 மீட்டர் வரை நீளமும் கொண்டவை. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 2022-இல் எழுந்த 25 மாடிக் கட்டடத்தில், ஆறு கான்கிரீட் மாடிகளுக்கு மேல் 19 மாடிகள் மரத்தால் ஆனவை.

இந்த அளவுகள் ஐரோப்பாவின் ஊசியிலை மரங்களையும் ஆலைகளையும் சாலைகளையும் கருதி அமைந்தவை. இந்தியாவில் சரக்கு வாகனத்தின் அகலத்துக்கு விதி அனுமதிக்கும் வரம்பு 2.6 மீட்டர். 3 மீட்டர் அகலப் பலகையைச் சாதாரண லாரியில் படுக்கவைத்துக் கொண்டுசெல்ல இயலாது. அந்நிய அளவுகளையே அரசு ஒப்பந்தங்களில் எழுதிவிட்டால், உள்நாட்டு மரம் போட்டிக்கே வராது. இறக்குமதியாளருக்கே கதவு திறக்கும்.

உண்மையில், இத்தொழில்நுட்பத்துக்குப் பருமனான அடிமரம் தேவையில்லை. மெல்லிய பலகைகளை இணைத்தே பெரும்பலகை உருவாவதால், சில ஆண்டுகளில் வளரும் மலைவேம்பு, சவுக்கு போன்ற தோட்ட மரங்களையும் சோதித்துப் பார்க்கலாம். கரையானும் ஈரப்பதமும் சவால்கள்தாம். அதனால்தான் உள்நாட்டு மரவகைகளின் வலிமை, உலர்த்தும் முறை, பசையின் தரம் ஆகியவை அரசு ஆய்வகங்களில் உறுதி செய்யப்பட வேண்டும்.

சட்டம் தவறினால் என்ன ஆகும் என்பதற்குக் கௌதள்ளி வட்டாரமே சான்று. மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் வழியிலுள்ள இவ்வூர், 1956 வரை சென்னை மாகாணத்தின் கோவை மாவட்டத்திலும், பின்னர் 1997 வரை மைசூர் மாவட்டத்திலும் இருந்த கொள்ளேகால் பகுதியைச் சேர்ந்தது. தன் நிலத்தில் முளைத்த சந்தன மரமும் விவசாயிக்குச் சொந்தமில்லை என்றிருந்த காலத்தில், அதை வளர்க்க எவரும் முன்வரவில்லை, கடத்தல்தான் கொழித்தது. 2001-இல்தான் கர்நாடகம் அந்த உரிமையை நில உரிமையாளருக்கு வழங்கியது. மறு ஆண்டில் தமிழகமும் அவ்வழி சென்றது.

அந்தப் பாடத்தை மறக்கலாகாது. விவசாய நிலங்களில் மரம் வெட்டுவதற்கான மாதிரி விதிகளை 2025 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்டது. அவற்றை மாநிலங்கள் தாமதமின்றி நடைமுறைப்படுத்த வேண்டும். இந்திய மரத்துக்கும் இந்தியச் சாலைக்கும் ஏற்ற பலகை அளவுகளை இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுக்க வேண்டும். அரசுக் கட்டடங்களுக்குரிய மரம் காட்டிலிருந்து அல்ல, தோட்டத்திலிருந்தே வந்தது என்பதற்குச் சான்றும் கட்டாயமாக வேண்டும்.

தடையை நீக்க ஓர் ஆணை போதும். மானாவாரி நிலத்தில் மரம் நடும் விவசாயிக்கு உரிய விலை கிடைக்க, அளவுகோலும் அவர் பக்கம் இருக்க வேண்டும்.