நலங்கும் ‘டீ-டேனும்’ ஒன்றல்ல

மணப்பெண்ணுக்கான அழகு நிலையத் ‘தொகுப்பு’ பற்றிச் சென்ற வாரம் நான் எழுதிய குறிப்புக்கு இரண்டு வகையான மறுப்புகள் வந்தன. இது மரபின் தொடர்ச்சி, மஞ்சள் பூசியவர்கள் இன்று வேறொன்றைப் பூசுகிறார்கள் என்பது ஒன்று. இது பெண்ணின் தேர்வு, அதைக் கேட்க நீ யார் என்பது மற்றொன்று. எழுதியவர்கள் பெரும்பாலும் ஆய்வாளர்கள் என்பதால் விடை சற்று நீள்கிறது, பொறுத்தருள்க.

நான் குடியிருக்கும் கிடர்பூரில் உருது, இந்தி, வங்காளம் மூன்றும் ஒரே சந்தில் ஒலிக்கும். திருமணத்துக்கு முந்தைய மஞ்சளுக்கும் இங்கே பல பெயர்கள். வங்காளி வீடுகளில் அது ‘காயே ஹலுத்’, அதாவது உடலில் மஞ்சள். மணமகன் மேனியைத் தொட்ட மஞ்சளே அலங்கரித்த ரோகு மீனோடு மணமகள் வீட்டுக்குப் போகும். உருது பேசும் வீடுகளில் ‘உப்டன்’. நான் அறிந்த பெயர் நலங்கு. மாவும் சந்தனமும் இருவருக்கும் பூசுவார்கள், பாட்டுண்டு, கேலியுண்டு. இச்சடங்குகளைப் புனிதப்படுத்த எனக்கு விருப்பமில்லை. கைம்பெண்ணை ஒதுக்கிவைத்தே நலங்கு நடந்தது. உப்டனுக்குள்ளும் நிறம் வெளுக்கும் ஆசை ஒளிந்திருந்தது. ஆயினும் மஞ்சள் இருவர் மேலும் ஏறியது, ஒரு குளியலில் இறங்கியது.

தெருமுனை அழகு நிலையத்தின் விலைப்பலகையில் மணமகனுக்கும் ஒரு வரி உண்டு: முடிதிருத்தம், சவரம், ஒரு ஃபேஷியல். ஒரு மாலையில் முடிந்துவிடும். மணமகளுக்கோ முப்பது நாள். அப்பட்டியலின் தலையில் நிற்கும் சொல் ‘டீ-டேன்’. மொழியியல் முதலாண்டு மாணவரிடம் இச்சொல்லைக் கொடுத்தால் அதன் முன்னனுமானத்தை நொடியில் எடுத்துவிடுவார். வெயில் ஏற்றிய கறையை நீக்குவதாக அது சொல்கிறது. ஆகவே அடியில் இருப்பது வெளுப்பு என்று சொல்லாமலே நிலைநாட்டிவிடுகிறது. பிறவியிலேயே கறுத்தவளுக்கு எந்தக் கறையை நீக்குவார்கள்?

சொற்களை இன்னும் கொஞ்சம் பார்ப்போம். வங்காளத்தில் கறுத்த நிறத்தை ‘மொய்லா’ என்பார்கள். அழுக்குக்கும் அதே சொல். தமிழில் நாம் மேலும் நயமானவர்கள். ‘பொண்ணு நல்ல கலர்’ என்றால் சிவப்பு என்று பொருள். கறுத்தவளுக்கு ‘நிறம் கம்மி’. கறுப்பு ஒரு நிறமாகவே எண்ணப்படவில்லை, நிறத்தின் குறைவாக எண்ணப்படுகிறது. 1975இல் சந்தைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 2020இல் ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆனது. அதே ஆண்டு ஒரு பெரிய மணத்தகவல் தளம் தோல்நிற வடிகட்டியை நீக்கியது. விலைப்பலகைகளும் ‘க்ளோ’, ‘ப்ரைட்னிங்’ என்று நாகரிகமடைந்தன. குறி மாறியது, குறிக்கப்பட்டது அசையவில்லை. சசூரைப் படித்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

மரபு என்று வாதிடுவோர் சங்க அகப்பாடல்களின் சொற்களஞ்சியத்தை ஒருமுறை புரட்டட்டும். அங்கே தலைவியின் அழகு மாமை, அவள் மாயோள். பிரிவில் அம்மாமையைத் தின்னும் நோய் பசலை. மேனி வெளிறுவதைக் கண்டு தோழி கலங்குகிறாள். அப்பசலையைப் பொன்னுக்கும் பீர்க்கம்பூவுக்கும் ஒப்பிட்டார்கள். இன்று ‘கோல்டு ஃபேஷியல்’ வாக்களிக்கும் பொன்னிறம் அன்றைய கணக்கில் நோய்க்குறி! (இதை வைத்துப் ‘பண்டைத் தமிழரிடம் நிறபேதமே இல்லை’ என்று யாரும் பதாகை தூக்க வேண்டாம். மரபு ஒற்றைக் குரலில் பேசுவதில்லை என்பதே என் வாதம்.)

இனித் ‘தேர்வு’. கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை மருத்துவர்கள் பதிவுசெய்த 22 மெம்பிரேனஸ் நெஃப்ரோபதி நோயாளிகளில் 15 பேருக்கு ‘நெல்-1’ வகை. அந்த 15 பேரில் 13 பேர் நோய்க்கு முன் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்கள். களிம்பிலிருந்த பாதரசம் சிறுநீரகத்தைத் தொட்டிருந்தது. கண்பூச்சுகள் தவிர்த்த அழகுப்பொருள்களில் தற்செயலாகக் கலந்த பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது இந்திய விதி. பெயர்ச்சீட்டு இல்லாத டப்பாவுக்குள் எந்த விதி நுழையும்? ஸ்டீராய்டு கலந்த 14 வகைப் பூச்சுகளை மருத்துவர் சீட்டின்றி விற்பதற்கு 2018இல் தடை வந்தது. எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடிப் பெண்ணுக்கு அழகு நிலையம் ‘இரவில் மட்டும்’ என்று தந்தது அப்படியொரு டப்பா. நிக்காஹ் நாளில் முகம் மின்னியது. பூசுவதை நிறுத்திய மூன்றாம் வாரம் கன்னமிரண்டும் சிவந்து கொப்பளித்தன. வெயிலில் நிற்க முடியவில்லை. டப்பாவில் என்ன இருந்தது என்பதே அறியாதவள் எதைத் தேர்ந்தாள்?

அறிந்தே பூசினாலும் கேள்வி தீராது. மறுத்தால் அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். மறுக்கும் மணமகனிடம் எவரும் காரணம் கேட்பதில்லை. அகவயச் செயலாண்மை பற்றிக் கருத்தரங்கக் கட்டுரை வாசிக்கும் நம் துறைத் தோழர்கள், தம் வீட்டுப் பெண்ணுக்கு வரன் தேடும்போது விளம்பரத்தில் எந்தப் பெயரடையை இட்டார்கள் என்பதையும் பின்னிணைப்பாகச் சேர்க்கலாம்.

இதை நான் கரையில் நின்று எழுதவில்லை. வரும் தையில் எனக்குத் திருமணம். நேற்றிரவு அம்மா தொலைபேசியில், “போட்டோவுல மாப்பிள்ளை பக்கத்துல நின்னா ரொம்பக் கம்மியாத் தெரிவியேடி” என்றாள். அவள் கொடியவள் அல்லள். அதே சொல்லை முப்பதாண்டுகளுக்கு முன் தன் காதால் கேட்டவள். ஊரில் ஒரு நிலையத்தில் முன்பணம் கட்டியாயிற்றாம். நலங்கு வை, பாட்டும் வை, அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கிவிடு என்றேன். இன்னும் பதில் சொல்லவில்லை.