ஆட்டக்காரர்களின் முகம் எங்கே?

கேரள மாநில சலச்சித்திர அகாதமியின் தலைவருக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

குமரி மாவட்டத்துக் கடற்கரையில் பிறந்து, பிழைப்புக்காகத் திருவனந்தபுரம் வந்து, டிசம்பர் தோறும் திரைப்பட விழாவுக்காக டாகூர் தியேட்டர் வரிசையிலும் ஆவணப்பட விழா நாட்களில் கைரளி வாசலிலும் நிற்கும் ஒரு தமிழன் எழுதும் மடல் இது. உங்கள் விழாக்கள்தான் எனக்குச் சினிமா பார்க்கக் கற்றுக் கொடுத்தன. அந்த உரிமையில்தான் என் மனக்குறையைச் சொல்கிறேன்.

2018ஆம் ஆண்டுக்கான மாநில விருதுகளில் சிறந்த நடிகர் விருதை இருவர் பகிர்ந்துகொண்டார்கள். ஜெயசூர்யாவுக்கு விருது வாங்கித் தந்த படங்களில் ஒன்று ‘கேப்டன்’. சௌபின் ஷாஹிருக்கு ‘சுடானி ஃப்ரம் நைஜீரியா’. முன்னது இந்தியக் கால்பந்து அணியின் தலைவராக இருந்த வி. பி. சத்யனின் கதை. பின்னது மலப்புறத்தில் அணிக்கு ஏழு பேர் ஆடும் ‘செவன்ஸ்’ கால்பந்தைச் சுற்றி நடக்கும் கதை. நான்கு ஆண்டுகளுக்கு முன் நிவின் பாலிக்கு இதே விருது கிடைத்ததிலும் ‘1983’ என்ற கிரிக்கெட் படத்துக்குப் பங்கு உண்டு. மூவரும் தகுதியானவர்களே. அதில் எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்லை.

ஆனால் சத்யனை நினைத்துப் பாருங்கள். கேரள போலீஸ் அணியில் ஐ. எம். விஜயன், சி. வி. பாப்பச்சன், ஷரஃப் அலி ஆகியோருடன் ஆடி 1990இலும் 1991இலும் ஃபெடரேஷன் கோப்பையை வென்றவர். 1992இல் எங்கள் கோயம்புத்தூரில் அவர் தலைமையில்தான் கேரளா மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராஃபியைத் தூக்கியது. பின்னர் இந்தியன் வங்கியில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். 2006 ஜூலையில் பல்லாவரத்தில் ரயில் தண்டவாளத்தில் அந்த வாழ்க்கை முடிந்தது. இன்று இருபது வயதுள்ள ஒரு பையனிடம் சத்யன் எப்படி இருப்பார் என்று கேட்டால், அவன் மனதில் வருவது ஜெயசூர்யாவின் முகம். நல்ல நடிப்பின் வெற்றி அது, மறுக்கவில்லை. அந்த ஆட்டக்காரனின் சொந்த முகத்தை, கால் வேகத்தை, கூட ஆடியவர்களின் சொல்லைத் தேடிப் பிடித்துப் பதிவு செய்கிறவனுக்கு உங்கள் விருதுப் பட்டியலில் இடம் எது?

தில்லியிலும் இதே கதைதான். தேசிய விருதுகளில் ‘சக் தே இந்தியா’, ‘பாக் மில்கா பாக்’, ‘மேரி கோம்’ மூன்றுக்கும் கிடைத்தது ‘முழுமையான பொழுதுபோக்கைத் தரும் சிறந்த ஜனரஞ்சகப் படம்’ என்ற விருது. ஹாக்கி, ஓட்டம், குத்துச்சண்டை எல்லாம் பொழுதுபோக்குக் கணக்கில் வரவு வைக்கப்பட்டன. ‘பான் சிங் தோமர்’ போல ஒன்று மட்டும் எப்போதோ தப்பித்துச் சிறந்த படமாகிறது. கதைப்படம் அல்லாத பிரிவில், ஆய்வுப் பயணத்தோடும் சாகசத்தோடும் சேர்த்து விளையாட்டுக்கும் ஒரு சின்ன இடம் இருந்தது. அதே 2018ஆம் ஆண்டுக்கு, கண்பார்வை இல்லாத ஒரு நீச்சல் வீரரைப் பற்றி சுப்ரியோ சென் எடுத்த ஆவணப்படம் சிறந்த விளையாட்டுப் படமாக அங்கே தேர்வானது. விருதுகளைச் சீரமைக்கிறோம் என்று சொல்லி, 2022ஆம் ஆண்டுக்கான எழுபதாவது விருதுகளிலிருந்து அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். பெரிதாக யாரும் கேட்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

நீங்களாவது விளையாட்டு ஆவணப்படத்துக்கு ஒரு தனி விருது தர வேண்டும். தரமான படமென்றால் பொதுப் பிரிவிலேயே வெல்லட்டுமே, தனி விருது எதற்கு என்பீர்கள். நட்சத்திரம் நடிக்கும் கதைப்படத்துக்கு அது பொருந்தும். அதற்குத் தயாரிப்பாளரும் உண்டு, திரையரங்கும் உண்டு. மைதானத்தில் கேமராவோடு காத்துக் கிடந்து, பழைய ஆட்டத்தின் பதிவுக்கு உரிமைத்தொகை கட்ட வழியில்லாமல் பாதியில் நிற்கிறவனுக்கு இரண்டும் இல்லை. இத்தாலியின் பலெர்மோவில் விளையாட்டுப் படங்களுக்கென்றே ஒரு விழாவும் விருதும் பல்லாண்டுகளாக நடக்கின்றன. பாரிஸ் வரை போய் இரண்டாவது ஒலிம்பிக் வெண்கலம் வாங்கி வந்த கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் ஹாக்கி மட்டை பிடிக்கக் கற்ற ஜி. வி. ராஜா விளையாட்டுப் பள்ளி இருக்கும் இந்த ஊரில் ஏன் முடியாது?

என் கடற்கரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொழியூருக்கும் நீரோடிக்கும் நடுவில்தான் மாநில எல்லை. அந்தப் பக்கம் பொழியூர், சந்தோஷ் டிராஃபி ஆட்டக்காரர்களைப் பெற்ற ஊர். இந்தப் பக்கம் தூத்தூர், இரவிபுத்தன்துறை. இந்தியாவுக்கு ஆடிய மைக்கேல் சூசைராஜ் எங்கள் இரவிபுத்தன்துறைக்காரர். வலை காயும் மணலில் பிள்ளைகள் வெறுங்காலோடு பந்தை விரட்டுகிறார்கள். கோயில் திருவிழாப் பந்தாட்டத்துக்கு இரு மாநிலத்து அணிகளும் வருகின்றன. மாலையில் கரையில் நின்று பார்த்தால் ஒரு படத்துக்கான காட்சி அத்தனையும் அங்கேயே இருக்கிறது. கடலுக்குப் போன அப்பன் திரும்பி வந்து, மகன் ஆடுவதை ஓரமாக நின்று பார்க்கிறானே, அந்த முகத்தை எந்த நடிகரும் எனக்குக் காட்டியதில்லை. அதைப் படமெடுக்க இந்தக் கரையிலேயே பிள்ளைகள் தயார். எடுத்த பிறகு எங்கே அனுப்புவது என்பதுதான் அவர்கள் என்னிடம் கேட்பது.

உங்களிடம் எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கழக்கூட்டத்தில் அகாதமியின் ஆவணக் காப்பகம். பக்கத்திலேயே காரியவட்டத்தில் லட்சுமிபாய் உடற்கல்விக் கல்லூரி, கிரீன்ஃபீல்டு மைதானம். நடுவர் குழுவில் ஒரு ஆவணப்பட இயக்குநரோடு ஒரு பழைய ஆட்டக்காரரையும் உட்கார வையுங்கள். மொழி தடையாக வேண்டாம். எல்லைக்கு இந்தப் பக்கத்துத் தமிழ்ப் படத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள். பரிசுப் பணத்தில் ஒரு பங்கு பழைய ஆட்டப் பதிவுகளின் உரிமைத்தொகைக்கே போகட்டும். வென்ற படத்தின் ஒரு பிரதியைக் காப்பகத்தில் வையுங்கள். இன்னொன்றை அந்த ஆட்டக்காரரின் ஊரில் திரை கட்டிக் காட்டுங்கள்.

அடுத்த ஆவணப்பட, குறும்பட விழாவுக்கான அறிவிப்பை நீங்கள் வெளியிடும்போது, போட்டிப் பிரிவுகளில் விளையாட்டுப் படத்துக்கு ஒரு வரி இருக்க வேண்டும். பதில் எழுதுங்கள், முடியாது என்றால் காரணத்தையும் எழுதுங்கள். அதை எங்கள் கரைப் பிள்ளைகளிடம் நானே படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
திருவனந்தபுரத்தில் வாழும் ஒரு தூத்தூர்க் கரைக்காரன்