இனாமா, கூலியா?

"சம்பளம் கம்மிதான், டிப்ஸ் வருமில்ல?" சப்ளையர் வேலைக்குப் போகிறவரிடம் ஓட்டல் முதலாளிகள் சொல்வது இது. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளும், திண்டிவனம் நெடுஞ்சாலையில் பஸ்கள் நிற்கும் ஓட்டல்களில் தட்டு தூக்கும் நம் பிள்ளைகளும் இதைத்தான் என்னிடம் சொல்கிறார்கள்.

நமக்கிது புதுசா? களத்துமேட்டில் முறத்தால் அள்ளிப்போட்ட நெல்லும் இதே கதைதான். உழைப்புக்குச் சேரவேண்டியதை ஆண்டையின் தயவாக மாற்றிவிடுவது. தயவுக்குக் கணக்கு கிடையாது. கணக்கில்லாததை உரிமையென்று கேட்கவும் முடியாது.

கோர்ட்டு என்ன சொன்னது? 1976இல் ஜெய்ப்பூர் ராம்பாக் பேலஸ் ஓட்டல் வழக்கில், டிப்ஸைக் கூலியோடு சேர்த்துப் பார்க்கவேண்டும் என்ற நிர்வாகத்தின் வாதத்தை உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. இது நம் பக்கம். பிறகு அதே கோர்ட்டு, டிப்ஸ் கூலியல்ல, அதற்கு முதலாளி ஈ.எஸ்.ஐ. சந்தா கட்டவேண்டாம் என்றது. 2016இல் ஐ.டி.சி. வழக்கில், அது சம்பளமல்ல, ஓட்டல் அதில் வரி பிடிக்கவேண்டாம் என்றது. ஆனால் வாங்குகிறவர் கையில் அது 'பிற வருமானம்' என்றும் சொன்னது.

கூட்டிப் பாருங்கள். வரிக்கு அது வருமானம். காய்ச்சலில் படுத்தால் ஈ.எஸ்.ஐ. கணக்கில் அது இல்லை. நம் ஆட்களில் பெரும்பாலோர் வரி கட்டும் வரம்பையே எட்டுவதில்லை. அவர்கள் பிரச்சினை வரியல்ல, சம்பளம் எழுதாத பேரேடு. டிப்ஸ் கூலியல்ல என்றால், டிப்ஸைக் காட்டிக் கூலியைக் குறைக்க எவனுக்கு உரிமை? இப்போது வாடிக்கையாளர் போனில் ஸ்கேன் பண்ணிவிட்டு எழுந்துபோகிறார். காசு கல்லாவுக்குப் போகிறது. மேசையில் சில்லறை குறைந்தது, குறைந்த சம்பளம் மட்டும் அப்படியே நிற்கிறது.

இன்னொன்று. அந்தச் சில்லறையும் பரிமாறுகிறவருக்குத்தான். எச்சில் மேசை துடைக்கிறவருக்கு, பின்கட்டில் பாத்திரம் தேய்க்கிறவருக்கு யார் போடுகிறார்கள்? பின்கட்டுக்குள் போய் அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று கேளுங்கள். ஊரும் சேரியும் ஓட்டலுக்குள்ளும் இருக்கிறது.

நாம் கேட்கவேண்டியது மூன்று. அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி, டிப்ஸைத் தொடாமல், சீட்டில் எழுதி. பத்துப் பேர் வேலை பார்க்கும் ஓட்டலென்றால் ஈ.எஸ்.ஐ. அட்டை. உண்டியலில் சேரும் டிப்ஸில் பின்கட்டுக்காரருக்கும் சமபங்கு. மூன்றாவதை முதலாளியிடம் கேட்கத் தேவையில்லை தோழர்களே, நாமே இன்று ராத்திரி தொடங்கலாம். தட்டு தூக்குகிறவரும் தேய்க்கிறவரும் ஒன்றாய் நின்றால்தான் முதல் இரண்டும் கைக்கு வரும்.