ஒரு முழு நிமிடம்

குழந்தைகள் பிரிவின் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டும்போதெல்லாம் ஒரே எண் கண்ணில் படுகிறது. காய்ச்சலோடு வந்த ஆறு மாதக் குழந்தைக்கும் சுவாச எண் 24. காதுவலியோடு வந்த நான்கு வயதுக் குழந்தைக்கும் 24. ஆறு மாதக் குழந்தை நோயில்லாமல் இருக்கும்போதே நிமிடத்துக்கு முப்பது நாற்பது முறை மூச்சு விடும். அங்கே 24 என்று எழுதியிருந்தால் யாரும் எண்ணவில்லை என்றே பொருள். ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது நானும் அப்படி எழுதியிருக்கிறேன். அதில் ஒரு குழந்தை அன்றிரவே இளைப்பு கூடித் திரும்பி வந்தது. அதனால்தான் இதைப் பற்றி எழுதுகிறேன்.

சுவாச எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. எக்ஸ்ரேயும் ஆய்வகமும் இல்லாத இடத்தில் நிமோனியாவை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்விக்கு, பாப்புவா நியூ கினியாவில் பணியாற்றிய ஃபிராங்க் ஷான் 1984-இல் ஒரு விடை சொன்னார்: இருமும் குழந்தையின் மூச்சை எண்ணுங்கள், 50-ஐத் தாண்டினால் மருந்து கொடுங்கள். ஒரு வயதைக் கடந்த குழந்தைகளுக்கு இந்த வரம்பு போதாது என்று காட்டியதில் நம் வேலூருக்குப் பங்குண்டு. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வு 1988-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் 40 என்று அது பிரித்துச் சொன்னது. இன்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலில் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் வரம்புகள் இவை: இரண்டு மாதத்துக்குள் 60, ஓராண்டு வரை 50, ஐந்து வயது வரை 40.

வரம்பு தெரிந்தால் மட்டும் போதாது, எண்ணத் தெரிய வேண்டும். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கும் பழக்கம் பெரியவர்கள் வார்டிலிருந்து வந்தது. எட்டு மாதக் குழந்தைக்கு அப்படி எண்ணினால் 12 மூச்சு 48 ஆகும், 13 மூச்சு 52 ஆகும். நடுவில் எண்ணே கிடையாது. ஒற்றை மூச்சு தவறினால் சிகிச்சையே மாறிவிடும். பச்சிளங்குழந்தையிடம் இது இன்னும் மோசம். சில நொடி நிறுத்தி, பிறகு வேகமாக மூச்சு விடுவது அந்த வயதின் இயல்பு. ஆகவே முழு அறுபது நொடி எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் 60-ஐத் தொட்டால் மறுபடியும் எண்ண வேண்டும்.

குழந்தை அம்மா மடியிலேயே இருக்கட்டும். சட்டையைத் தூக்கச் சொல்லுங்கள். ஸ்டெதஸ்கோப்பைப் பார்த்தாலே அழும் குழந்தைகள் உண்டு, அதனால் அதை எடுப்பதற்கு முன்பே எண்ணிவிடுங்கள். அழுதால் காத்திருங்கள். எண்ணும்போதே மூச்சை இழுக்கையில் கீழ் விலா உள்ளே போகிறதா என்றும் பாருங்கள். 'நெஞ்சுல குழி விழுது டாக்டர்' என்று தாய் சொன்னால் அவள் பார்த்துவிட்டாள், நாம் இனிமேல்தான் பார்க்க வேண்டும். வீசிங் இருந்தால் சால்பூட்டமால் கொடுத்துவிட்டு மீண்டும் எண்ண வேண்டும். பல குழந்தைகளுக்கு எண் இறங்கிவிடும், ஆன்டிபயாட்டிக்கும் தேவைப்படாது.

எண் இறங்காத, இரண்டு மாதத்தைக் கடந்த குழந்தைக்கு வாய்வழி அமாக்ஸிசிலின்: ஒரு வேளைக்கு கிலோவுக்கு 40 மில்லிகிராம், தினம் இரு வேளை, ஐந்து நாள். கீழ் விலா உள்ளிழுத்தாலும், வேறு அபாயக் குறி இல்லையென்றால் இதே மருந்தை வீட்டில் கொடுத்துக் கண்காணிக்கலாம் என்று 2014-இல் உலக சுகாதார நிறுவனம் மாற்றிச் சொன்னது. பால் குடிக்க முடியாமை, எல்லாவற்றையும் வாந்தியெடுப்பது, வலிப்பு, மயக்கம், அமைதியாக இருக்கும்போதே மூச்சில் கரகரப்பு, ஆக்சிஜன் அளவு 90-க்குக் கீழே: இவற்றில் ஒன்று இருந்தாலும் சேர்க்க வேண்டும். இரண்டு மாதத்துக்குள் என்றால் யோசனையே வேண்டாம், சேர்த்துவிடுங்கள்.

2011 டிசம்பரில் தமிழ்நாட்டில் பென்டாவேலன்ட் தடுப்பூசி வந்தது, 2021-இல் நிமோகாக்கல் தடுப்பூசியும் சேர்ந்தது. இவற்றுக்குப் பிறகு நம்மிடம் வரும் வேகமூச்சில் வைரஸின் பங்கு கூடியிருக்கிறது. எண்ணை மட்டும் வைத்து பாக்டீரியா என்று சொல்லிவிட முடியாது என்பதை மாணவர்களுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆனால் எந்தக் குழந்தையை இன்று மாலை மறுபடி பார்க்க வேண்டும் என்பதை அந்த எண்தான் நமக்குச் சொல்கிறது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். செய்முறைத் தேர்வில் முழு நிமிடம் எண்ணுவதற்குத் தனி மதிப்பெண் வையுங்கள். கேஸ் ஷீட்டில் சுவாச எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் சேர்த்து, எண்ணிய நேரத்தையும், அப்போது குழந்தை தூங்கியதா, விழித்திருந்ததா, அழுததா என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.