குறுமரக் கலையும் ஒருநாள் வகுப்பும்

ஒரு விவசாய டிமான்ஸ்டிரேட்டர்

ஆலும் அரசும் புளியும் ஒரு முழ உயரத்தில், ஒரு தட்டிலே, வேரும் கிளையுமாக முதுமை காட்டி நிற்கும் காட்சியைக் கண்டு வியவாதவர் இல்லை. 'போன்சாய்' என வழங்கும் இக்குறுமரக் கலையைக் கற்பிக்கும் வகுப்புகள் இந்நாளில் பல ஊர்களில் நடைபெறுகின்றன. காலையிற் கூடுதல், மாலையில் கைக்கு ஒரு தொட்டியும் ஒரு சான்றிதழும் பெற்றுக் கலைதல் என்பதே பெரும்பாலும் வழக்கம். இத்தகைய வகுப்புகளில் சிலவற்றை நானே நடத்தியிருக்கிறேன். ஆதலால் பிறரைக் குறை கூறும் நோக்கமின்றி, என் பிழையையே முன்வைத்து, ஒரு விஷயத்தைச் சொல்லத் துணிகிறேன். ஒருநாள் வகுப்பினால் இக்கலை வாராது. மரத்திற்கு ஓராண்டு எவ்வளவோ அவ்வளவு நீளமாக வகுப்பும் இருத்தல் வேண்டும்.

என் அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன் எமது அலுவலகத்தின் சார்பில் ஒரு வகுப்பு நடத்தினேன். மார்ச்சு மாத முடிவிற்குள் அவ்வாண்டின் ஒதுக்கீட்டுப் பணம் செலவாக வேண்டுமென்பதால், பங்குனி மாதத்தின் நடுவில் நாள் குறிக்கப்பட்டது. வந்தவர்களில் ஆசிரியர்களும், வீட்டைப் பராமரிக்கும் தாய்மார்களும், நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் இரண்டொரு விவசாயிகளும் இருந்தனர். ஒவ்வொருவருக்கும் ஒரு கல்லிச்சிக் கன்று கொடுத்தோம். வேரைக் கழித்து, தட்டில் நட்டு, கிளைக்குக் கம்பி சுற்றி, மாலைக்குள் அனைவரும் மனமகிழ்ந்து சென்றனர். அன்றைய தினம் எனக்கும் பெருமையாகவே இருந்தது.

ஆறு மாதம் கழித்து, வேறு காரியமாகச் சென்ற ஊர்களில் அம்மாணவர்களின் வீடுகளுக்கும் சென்று பார்த்தேன். பார்த்தவற்றில் பாதிக்கு மேல் பட்டுப்போயிருந்தன. ஓர் அம்மையார் வெற்றுத் தட்டைக் கொண்டுவந்து காட்டி, "என் கை ராசி அவ்வளவுதான் ஐயா, நான் வைத்தால் எதுவும் தழைப்பதில்லை" என்றார். அச்சொல் என்னை மிகவும் சுட்டது. பிழை அவர் கையில் இல்லை. நான் குறித்த நாளில் இருந்தது. வேரில் ஒரு பங்கை வெட்டிய கன்றைச் சித்திரை வெயிலின் வாசலிலே கொண்டுபோய் நிறுத்தியவன் நான். அலுவலகப் பஞ்சாங்கம் வேறு, மரத்தின் பஞ்சாங்கம் வேறு என்பதை அன்று அறிந்தேன்.

மரங்கள் மாண்ட விதம்

எஞ்சிய வீடுகளில் கண்ட காரணங்களும் நினைவிற் கொள்ளத் தக்கவை. ஒருவர் காலையும் மாலையும் தவறாமல் நீர் வார்த்தார். மண் இன்னும் ஈரமாயிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்கவில்லை. வேர் அழுகிற்று. மற்றொருவர் அழகு கருதி மரத்தைக் கூடத்து அலமாரியில் வைத்தார். வெளிச்சமின்றி இலை உதிர்ந்தது. வேறொருவருடைய மரம் நன்கு தழைத்திருந்தது. ஆயினும் கம்பியை அவிழ்க்க வேண்டுமென்பதை மறந்தமையால், பருத்த கிளையில் கம்பி ஆழப் பதிந்து, திருகாணிபோல் வடு விழுந்திருந்தது. கம்பி கட்டக் கற்பித்த நான், அவிழ்க்கும் வேளையைக் கண்ணாற் காட்டவில்லை. ஒரே நாளில் அதனை எங்ஙனம் காட்டுவது? இச்சி இனம் வளரும் பருவத்தில் சில வாரங்களிலேயே கம்பியைக் கடந்து பருத்துவிடும். அப்பருமனை அந்தந்த வாரத்திற்றான் காணலாம்.

இக்கலையில் மந்திரம் ஒன்றுமில்லை. 'போன்சாய் விதை' என்று தனியாக ஒரு ஜாதி விதை கிடையாது. மரத்தைக் குறுக்கும் தனி மருந்தும் கிடையாது. அவ்வாறு கூறி விற்பவரிடம் வாசகர்கள் ஜாக்கிரதையாயிருக்க. சாதாரண மரத்தின் சாதாரணக் கன்றே, ஆழமற்ற தட்டிலே வேர் அடக்கப்பட்டு, தளிர் கிள்ளப்பட்டு, கிளை வளைக்கப்பட்டுக் குறுமரமாகிறது. 'போன்' என்பது தட்டு; 'சாய்' என்பது நடுதல். வேரை வெட்டினால் நீர் உறிஞ்சும் நுண்வேர்கள் குறைகின்றன. ஆதலால் அவை மீண்டும் கிளைக்கும்வரை இலையையும் குறைத்து நிழலில் வைக்கிறோம். தளிரின் நுனியைக் கிள்ளினால் பக்கமொட்டுகள் கிளம்பிக் கிளை நெருங்குகிறது. இவ்வளவே தத்துவம். ஆனால் எப்பொழுது, எவ்வளவு என்பதுதான் கலை. அதனை ஆண்டின் பருவங்களே கற்பிக்கும்.

ஜப்பானியர் கற்கும் முறை

இக்கலை சீன தேசத்தில் தோன்றி ஜப்பானுக்குச் சென்றது. சீனத்தில் 706-ஆம் ஆண்டு அமைந்த ஓர் இளவரசரின் கல்லறைச் சுவரில், தட்டிலே சிறு செடியை ஏந்திவரும் பணியாளரின் சித்திரம் காணப்படுகிறது. ஆயினும் இதனை இன்றைய நிலைக்கு உயர்த்தியவர் ஜப்பானியரே. தொழிலாக இதனைக் கற்க விரும்பும் இளைஞர் அங்கு ஓர் ஆசிரியரின் தோட்டத்தில் ஐந்தாண்டு அல்லது அதற்கு மேலும் பணிசெய்து கற்கின்றனர். நீர் வார்க்கக் கற்க மூன்று ஆண்டு என்பது அவர்களிடையே வழங்கும் சொல். கத்தரியைத் தொடுமுன் பூவாளியைத் தொட வேண்டும் என்பது இதன் பொருள். நாமோ முதல் நாளே கத்தரியைக் கொடுத்து, பூவாளியைப் பற்றி மாலையில் இரண்டு நிமிடம் பேசி அனுப்புகிறோம்.

1923-ஆம் ஆண்டின் பெரும் பூகம்பத்திற்குப் பின் தோக்கியோவின் குறுமரக்காரர் சிலர் சைத்தாமாப் பகுதியிலுள்ள ஒமியாவுக்குக் குடிபெயர்ந்து, 1925-இல் ஒரு கிராமமே அமைத்தனர். அங்கு குடியேறுவோர் குறைந்தது பத்துக் குறுமரங்களேனும் வைத்திருக்க வேண்டும், தோட்டத்தை யாவரும் காணத் திறந்து வைக்க வேண்டும், மாடிவீடு கட்டலாகாது, வேலி உயிர்வேலியாக இருத்தல் வேண்டும் என்று தமக்குத் தாமே விதி செய்துகொண்டனர். காண வருபவருக்குக் கதவு திறந்திருத்தலே முதற் பள்ளிக்கூடம் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர் போலும். 2010-இல் அவ்வூரில் குறுமரங்களுக்கென்றே ஒரு பொதுக் காட்சிச்சாலையும் திறக்கப்பட்டது.

வாஷிங்டன் நகரத்து அரசாங்க மரத்தோட்டத்தில் ஒரு வெள்ளைப் பைன் மரம் இருக்கிறது. 1625 முதல் தட்டில் பயிற்றப்பட்டு வருவது அது. ஹிரோஷிமா நகரில் யமாகி குடும்பத்தார் வளர்த்துவந்த அம்மரம், 1945 ஆகஸ்டு 6-இல் அணுகுண்டு விழுந்தபொழுது தோட்டத்து மதிலின் மறைவில் நின்று பிழைத்தது. 1976-இல் ஜப்பான் அமெரிக்காவுக்கு அன்பளித்த 53 மரங்களுள் அதுவும் ஒன்று. ஏறக்குறைய நானூறு ஆண்டு அம்மரத்திற்கு ஒரு நாளும் தவறாமல் நீர் வார்த்தவர் எத்தனை பேர்! அவர்களில் எவரும் ஒரே நாளில் கற்றவராயிரார்.

ஒருநாள் வகுப்பு அறவே வீண் என்று நான் கூறவில்லை. அமெரிக்காவில் இக்கலையைப் பரப்பிய ஜான் நாக்கா இளம் வயதில் ஜப்பானில் தம் பாட்டனாரிடம் இதன் சுவையை அறிந்தவர். பிற்காலத்தில் பல தேசங்களுக்கும் சென்று செய்முறை வகுப்புகள் நடத்தினார். ஆயினும் அவர் 1950-இல் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நண்பர்களுடன் கூடி ஒரு சங்கத்தையும் தொடங்கினார். சங்கம் இருந்தால் ஆசிரியர் போன பின்னும் கேட்பதற்கு ஆள் உண்டு. வீட்டிலே மரம் வைத்து ஆண்டு முழுதும் பழகுபவருக்குத்தான் ஒருநாள் வகுப்பு உண்மையில் பயன்படும். விதை நல்லதாயினும் உழுத நிலத்திலன்றோ முளைக்கும்?

நான் கூறும் முறை

ஆகவே இரண்டு மூன்று மாதத்திற்கு ஒரு முறையாக, ஓராண்டில் ஆறு அமர்வுகள் நடத்துவதே சிலாக்கியம் என்பது என் அபிப்பிராயம்.

முதல் அமர்வு ஆனியில். அன்று கத்தரியும் கம்பியும் வேண்டா. செம்மண், பருமணல், செங்கற்சில்லி, மக்கிய எரு ஆகியவற்றைக் கலந்து, நீர் ஊற்றியவுடன் வடியும் மண்ணைத் தயாரிக்கக் கற்க வேண்டும். ஒரு கன்றைச் சாதாரண மண்தொட்டியில் எடுத்துச் சென்று உயிருடன் வளர்த்துவருவதே பாடம். இரண்டாவது ஆவணியில். வெயில் தணிந்து காற்றில் ஈரம் ஏறும் அக்காலத்தில் வேரில் மூன்றிலொரு பங்குக்கு மிகாமல் கழித்துத் தட்டில் மாற்றலாம். மூன்றாவது ஐப்பசியில். மழையில் நீர் தேங்காமல் காப்பதும், மாவுப்பூச்சி முதலியவற்றைக் கண்டறிவதும் அப்பொழுது பாடம். நான்காவது தையில், கிளைக்கு அலுமினியக் கம்பி கட்டுதல். ஐந்தாவது பங்குனியில், அதே கம்பியை, அதே கையால் வெட்டி எடுத்தல். ஆறாவது வைகாசியில். கோடையைக் கடந்த மரத்தை ஒவ்வொருவரும் சபையின் முன் கொண்டுவந்து வைக்க வேண்டும். சான்றிதழ் அன்றைக்குத்தான். மரம் பட்டுப்போனவர் அதன் காரணத்தை எழுந்து சொல்வாராயின் அவருக்கும் கொடுக்கலாம். காரணம் அறிந்தவர் பாதி கற்றவரே.

ஆட்சேபங்கள்

ஆறு முறை வர யாருக்கு நேரம் என்பர். வருபவர் தொகை குறையும் என்பது உண்மை. அறிக்கையில் எழுதும் எண்ணும் சிறுக்கும். ஆனால் நூறு பேர் வந்து நூறு தட்டுகள் வெறுமையாவதைக் காட்டிலும், பன்னிருவர் வந்து பத்து மரங்கள் நிற்பது மேல். ஓராண்டு வகுப்பு மார்ச்சு மாதத்தோடு முடியாது என்று கணக்கர் கூறக்கூடும். ஆண்டின் தொடக்கத்திலேயே திட்டம் வகுத்து, இரண்டு ஆண்டுக் கணக்கிலும் செலவைப் பகிர்ந்து எழுத வழியுண்டா என்று மேலதிகாரிகள் ஆலோசிக்க வேண்டுகிறேன்.

மரத்தைச் சித்திரவதை செய்வதன்றோ இது என்பாரும் உளர். பட்டினி போட்டு வளர்க்கும் மரம் பட்டுப்போகும், குறுமரமாகாது. நல்ல குறுமரம் காலத்தில் தளிர்த்து, பூக்கும் இனமாயின் பூக்கவும் செய்யும். கொல்லுவது கலையன்று, அரைகுறைப் படிப்பு.

வயலும் வரப்புமாக உழலும் குடியானவனுக்கு இவ்வினோதம் எதற்கு என்பதே பெரிய ஆட்சேபம். அதற்கு என் விடை இது. பாலிதீன் பையில் நெடுநாள் கிடந்த மாங்கன்றின் வேர் பையின் வடிவிலேயே சுருண்டு போகிறது. அதனை அப்படியே குழியில் நட்டு, பத்தாண்டு கழித்து மரம் காற்றில் சாய்ந்ததென்று வருந்துவோரை நான் கண்டிருக்கிறேன். ஒரு தடவை தட்டிலே வேரை விரித்து, சுருளை வெட்டிப் பழகியவன் அப்பிழையைச் செய்யமாட்டான். கவாத்து, ஒட்டு, பதியம், நீர் மேலாண்மை யாவும் இத்தட்டிற்குள் அடங்கியுள்ளன. நிலமில்லாத வீட்டிலும் ஒரு மாடியோ முற்றமோ இருந்தால் விவசாயத்தின் அரிச்சுவடியை அங்கேயே கற்கலாம். கிணற்றுச் சுவரிலும் பழங்கட்டடத்திலும் முளைத்து அவற்றைப் பிளக்கும் அரசங்கன்றை, உரியவரின் அனுமதி பெற்றுப் பெயர்த்தெடுத்து வளர்ப்பவருக்குச் சுவரும் பிழைக்கும், கன்றும் பிழைக்கும். நாற்றுப் பண்ணை வைத்திருப்போருக்கு நாளடைவில் இது ஓர் உபதொழிலாகவும் அமையும். ஆனால் ஐந்தாண்டு பொறுக்க மனமுள்ளவருக்கே.

வெற்றுத் தட்டைக் காட்டிய அம்மையாரிடம் மறுபடியும் ஒரு கன்று கொடுத்தேன். இம்முறை ஆனி மாதத்தில், சாதாரணத் தொட்டியில், கத்தரியின்றி. மண்ணைத் தொட்டுப் பார்த்து நீர் வாருங்கள் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆவணியில் அவரே தேடிவந்து, "கன்று தழைத்துவிட்டது; இனி வேரை வெட்டலாமா?" என்று கேட்டார். மாணவர் கேட்க வேண்டிய கேள்வி அதுவே. அக்கேள்வி தானே எழும்வரை ஆசிரியர் காத்திருக்க வேண்டும். வகுப்பு நடத்தும் நண்பர்கள் இனியேனும் நாள் குறிக்குமுன் மரத்தைக் கேட்டுக் குறிப்பார்களென நம்புகிறேன்.