கார் ஊருக்கு ரெயில் எப்போது?

ஒரகடம் வட்டாரத்தில் கார் தயாராகிறது. வாலாஜாபாத்தில் கார்கள் சரக்கு ரெயில் ஏறுகின்றன. காரைச் செய்த தொழிலாளி மட்டும் பஸ்சுக்குக் காத்து நிற்கிறார்!

ஸ்ரீபெரும்புதூரில் ரெயில் நிலையம் கிடையாது. ஒரகடத்திலும் கிடையாது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை வந்தது. இன்று கார், டயர், கண்ணாடி, செல்போன் எல்லாம் இங்கே உற்பத்தி ஆகின்றன. பயணிகள் ரெயில் மட்டும் வரவில்லை.

வேலைக்குப் போகக் கம்பெனி பஸ் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மனைவி, மக்களோடு வெளியே போக வேண்டும் என்றால்? அப்பொழுதுதான் தொல்லை. எந்த பஸ், எங்கே மாறுவது, இரவு திரும்ப வண்டி உண்டா என்று கணக்குப் போட்டே பாதி நாள் போய்விடும்.

ரெயில் இருந்தால் என்ன ஆகும்? இத்தாலியில் ஓர் உதாரணம் இருக்கிறது.

5 கிராமங்கள்

இத்தாலியின் மேற்குக் கடற்கரையில் "சிங்குவே தெர்ரே" என்று ஓர் இடம். "ஐந்து நிலங்கள்" என்று பொருள். மொந்தெரோஸ்ஸோ, வெர்னாட்சா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜோரே என்பவை அந்த 5 கிராமங்கள். மலை செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. அந்தச் சரிவில் வீடுகள். படிப்படியாகத் திராட்சைத் தோட்டங்கள்.

1870-களில் மலையைக் குடைந்து அங்கே ரெயில் பாதை போட்டார்கள். ஐந்து ஊருக்கும் ஐந்து நிலையம். ஓர் ஊரில் இருந்து அடுத்த ஊருக்குச் சில நிமிடப் பயணம்தான். வெளியூர்க் கார்கள் ஊருக்குள் போக முடியாது. அதனால் யாருக்கும் குறைவு இல்லை!

அங்கே போகிறவர்கள் திட்டம் போடுவதும் எளிது. ஒரே சீட்டு வாங்கினால் நாள் முழுவதும் ரெயிலிலும் போகலாம், மலைப்பாதையிலும் நடக்கலாம். வெர்னாட்சாவில் இருந்து மொந்தெரோஸ்ஸோவுக்கு 2 மணி நேர நடை. கால் வலித்தால் அடுத்த ஊரில் ரெயில் ஏறிக்கொள்ளலாம். கொர்னீலியாவில் மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்கும். நிலையத்தில் இருந்து ஊருக்கு ஏற சுமார் 380 படிகள்!

காதல் பாதை

ரியோமஜோரேக்கும் மனரோலாவுக்கும் நடுவே கடலோரமாக "காதல் பாதை" ஒன்று இருக்கிறது. அதைப் போட்டது காதலர்கள் அல்ல, ரெயில்வே தொழிலாளர்கள். சுரங்க வேலைக்கான வெடிமருந்தை ஊருக்கு வெளியே வைத்திருந்தார்கள். அங்கே போய்வர வெட்டிய வழிதான் பின்னால் உலகப் புகழ் பெற்றது. 2012-ல் பாறை விழுந்து 4 பேர் காயம் அடைந்தார்கள். பாதை மூடப்பட்டது. 2024-ல்தான் மறுபடி திறந்தார்கள். அந்த 12 ஆண்டும் ரெயில் ஓடியது, ஊர் பிழைத்தது.

ஏட்டில் ஒரு பாதை

நம் ஊரில் திட்டம் இல்லாமல் இல்லை. ஆவடியில் இருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வழியாகக் கூடுவாஞ்சேரிக்கு சுமார் 60 கிலோ மீட்டர் புதிய பாதை 2013-14 ரெயில்வே பட்ஜெட்டில் சேர்க்கப்பட்டது. ரெயில் இன்னும் ஓடவில்லை. ஆலைகள் பெருகப் பெருக நிலத்தின் விலை ஏறுகிறது. தள்ளிப்போட்டால் செலவுதான் கூடும். பூந்தமல்லியில் இருந்து சுங்குவார்சத்திரம் வழியாகப் பரந்தூருக்கு மெட்ரோ ரெயில் விடவும் திட்டம் போட்டிருக்கிறார்கள். அதுவும் வந்தால் நல்லதுதான். ஆனால் அது ஒரகடத்துக்கு வராது.

2024-ல் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. ஒரு சிறு நகரமே அங்கே குடியேற இடம் உண்டு! பெரும்பாலும் வெளியூர்ப் பெண்கள். தாய், தகப்பனைப் பார்க்கப் போகவும் முதலில் பஸ்தான்.

இப்போதைக்கு ஒரு வழி உண்டு. ஒரகடத்தில் இருந்து சிங்கப்பெருமாள் கோவில் ரெயில் நிலையம் சுமார் 12 கிலோ மீட்டர். அங்கே மின்சார ரெயில் ஏறினால் அடுத்து பரனூர், அதற்கடுத்து செங்கல்பட்டு. டிக்கெட் ஒரு டீயின் விலைகூட ஆகாது. செங்கல்பட்டை நெருங்கும்போது ஜன்னல் ஓரம் கொளவாய் ஏரி விரிந்து வரும். குழந்தைகளுக்கு அந்த இடத்தை விட்டுக்கொடுங்கள்.